காற்றுக்குக் காற்றே பூட்டு

பத்து மீட்டர் ஏர் ரைபிள் போட்டியில் இலக்கின் நடுப்புள்ளி அரை மில்லிமீட்டர் அகலம்தான். அதை நோக்கிப் பாயும் 4.5 மில்லிமீட்டர் ஈயக்குண்டைத் தள்ளுவது வெடிமருந்து இல்லை, காற்று. 2008இல் பெய்ஜிங்கில் அபினவ் பிந்த்ரா தங்கம் வென்றதும், சென்னையில் பிறந்த ககன் நாரங் 2012இல் லண்டனில் வெண்கலம் பெற்றதும், கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் டோக்கியோவிலும் பாரிசிலும் களமிறங்கியதும் இந்தப் பிரிவில்தான். இவர்கள் பயன்படுத்தும் துப்பாக்கியின் குழலுக்குக் கீழே ஓர் உலோக சிலிண்டர் இருக்கும். அதை நிரப்பும் அழுத்தம் பொதுவாக 200 பார். கார் டயரில் இருப்பதைப்போல் ஏறக்குறைய நூறு மடங்கு.

இந்த சிலிண்டருக்குக் காற்று பிடித்துப் பழகியவர்களுக்கு ஒரு சத்தம் நன்றாகத் தெரியும். ஹோஸை மாட்டி வால்வைத் திறந்ததும் எங்கிருந்தோ ‘ஸ்ஸ்ஸ்’ என்று வரும். கேஜ் முள் ஏறாது, அல்லது ஏறி இறங்கும். உடனே கை ஸ்பேனருக்குப் போகும். இன்னும் ஒரு சுற்று முடுக்கத் தோன்றும். பெரும்பாலும் அதனால் பயன் இல்லை, பல சமயம் ஆபத்து. கசிவைக் கண்டுபிடிக்க வேண்டுமானால், இவ்வளவு அழுத்தத்தை இத்தனை நாள் எது அடைத்து வைத்திருந்தது என்பது முதலில் விளங்க வேண்டும். அது விளங்கிவிட்டால் பாதிக் கசிவுகள் தாமாகவே தங்கள் இடத்தைக் காட்டிவிடும்.

ஒரு சென்டிமீட்டர் விட்டமுள்ள வாயை எடுத்துக்கொள்வோம். 200 பாரில் அதன்மேல் விழும் விசை சுமார் 160 கிலோ எடைக்குச் சமம். இந்த விசையைத் தாங்குவது உலோக மரை. ஆனால் மரைகளுக்கு நடுவே இடுக்கு உண்டு. காற்று நழுவ அது தாராளமாகப் போதும். அந்த இடுக்கை அடைப்பது ஓ-ரிங் எனப்படும் ரப்பர் வளையம். சமையல் எரிவாயு சிலிண்டரின் வாய்க்குள் கறுப்பாகத் தெரிகிறதே, அதே இனம்தான். தடிமன் ஒன்றிரண்டு மில்லிமீட்டர். நகத்தால் அழுத்தினால் குழியும். இவ்வளவு மெத்தென்ற பொருள் 200 பாருக்கு எப்படி எதிர்த்து நிற்கிறது?

அது எதிர்த்து நிற்பதே இல்லை. காற்றின் பலத்தைத் தானே வாங்கிக்கொள்கிறது.

ஓ-ரிங் ஒரு பள்ளத்தில் உட்கார்ந்திருக்கும். எதிர்ப்பக்க உலோகம் அதைச் சற்றே நசுக்கியபடி பொருந்தும். இதனால், காற்றே இல்லாதபோதும் ரப்பர் உலோகத்தை லேசாக அழுத்திக்கொண்டிருக்கும். இப்போது காற்று வருகிறது. வளையத்தைப் பள்ளத்தின் மறுபக்கச் சுவர்வரை தள்ளுகிறது. ரப்பரின் வடிவம் மாறும், கனஅளவு அநேகமாக மாறாது. இந்த ஒரு குணத்தில் அது கெட்டியான திரவத்தைப் போன்றது. ஒருபக்கம் பெற்ற அழுத்தத்தை எல்லாப் பக்கமும் கடத்தும். ஆகவே ரப்பர் உலோகத்தை அழுத்தும் அளவு, முன்பே இருந்த லேசான நசுக்கலோடு காற்றின் அழுத்தமும் சேர்ந்தது. காற்று 50 பார் என்றால் அடைப்பு அதைவிடச் சற்றுக் கூடுதல். 200 பார் என்றால் அதைவிடவும் சற்றுக் கூடுதல். காற்றால் தன்னையே முந்த முடியாது. பொறியியலில் இதைவிட அழகான ஏற்பாட்டை நான் அதிகம் பார்த்ததில்லை.

இந்த எண்ணம் ரப்பருக்கு முந்தியது. லண்டனில் பூட்டுகளுக்குப் பேர்போன ஜோசப் பிரமா 1795இல் நீரழுத்த இயந்திரத்துக்குக் காப்புரிமை பெற்றார். அதன் பெரிய தலைவலி, உருளையைச் சுற்றி நீர் கசிவது. இறுக்கிக் கட்டினால் கசிவு நிற்கும், ஆனால் உருளை நகராது. பிரமாவிடம் வேலை செய்த ஹென்றி மாட்ஸ்லி, விளிம்பு மடிந்த தோல் வளையம் ஒன்றைப் பொருத்தி இதைத் தீர்த்தார் என்கிறது பொறியியல் வரலாறு. நீரின் அழுத்தம் மடிப்புக்குள் புகுந்து விளிம்பை விரித்து உருளையோடு ஒட்டவைக்கும். அழுத்தம் போனால் பிடி தளரும். பிறகு, டென்மார்க்கிலிருந்து அமெரிக்காவில் குடியேறிய நீல்ஸ் கிறிஸ்டென்சன், ரப்பர் வளையத்தை அதன் தடிமனைவிட ஒன்றரை மடங்கு அகலமான பள்ளத்தில் வைத்தால் நம்பகமாக அடைக்கிறது என்று கண்டார். 1937இல் விண்ணப்பித்து 1939இல் காப்புரிமை பெற்றார். இன்று விமானத்தின் சக்கரக்கால் முதல் குக்கரின் வால்வு வரை அந்த வளையம் இல்லாத இடம் குறைவு.

தோல் வளையத்தோடு போராடிய காற்றுத் துப்பாக்கியும் உண்டு. 1780 வாக்கில் ஆஸ்திரியப் படை ஏற்றுக்கொண்ட ஜிரார்டோனி துப்பாக்கியின் பின்கட்டையே இரும்புக் காற்றுக் குடுவை. கைப்பம்பால் சுமார் 1500 முறை அடித்தால்தான் அது நிறையும். உள்ளே இருந்த தோல் அடைப்புகள் ஈரத்தில் ஊறி உப்பியிருக்க வேண்டும். காய்ந்தால் காற்று ஓடிவிடும். 1803 முதல் 1806 வரை அமெரிக்காவின் மேற்கே நடந்த லூயிஸ்–கிளார்க் பயணத்தில் மெரிவெதர் லூயிஸ் ஒரு காற்றுத் துப்பாக்கியை எடுத்துச்சென்று, வழியில் சந்தித்த பழங்குடி மக்களுக்குச் சுட்டுக்காட்டினார். ஜிரார்டோனி வகை அது என்பதே பல ஆய்வாளர்களின் முடிவு. படையோ பின்னர் அந்தத் துப்பாக்கியைக் கைவிட்டது. பராமரிப்பு அவ்வளவு கடினமாக இருந்தது.

காற்றே தன்னை அடைக்கிறது என்றால், அதிலிருந்து ஒரு விசித்திரமான முடிவு வருகிறது. அதிக அழுத்தத்தை அடைப்பது எளிது. குறைந்த அழுத்தத்தை அடைப்பதுதான் கடினம். நம் உள்ளுணர்வு சொல்வதற்கு நேர்மாறு. காற்று நிரப்பும்போது வரும் குழப்பங்களில் பெரும்பங்கு இங்கேதான் பிறக்கிறது.

துப்பாக்கியோடு இணைந்த காற்றுக்குழாய் உள்ள வகையைப் பாருங்கள். கைப்பம்பால் நிரப்பும் ஏர்கன்கள் பலவும் இப்படித்தான். புதிதாக வாங்கியவர் முழுக்கக் காலியான துப்பாக்கிக்குப் பம்ப் அடிக்கிறார். அடிக்க அடிக்க காற்று சுடுகுழல் வழியே வெளியேறுகிறது. கேஜ் முள் அசையவில்லை. வால்வு போய்விட்டது என்று கடைக்கு எடுத்துச் செல்கிறார். பல சமயம் வால்வில் ஒரு குறையும் இராது. குண்டைச் சுடக் காற்றைத் திறந்துவிடும் வால்வை மூடிப்பிடிப்பது ஒரு சிறிய ஸ்பிரிங்கும் உள்ளே இருக்கும் காற்றும். ஐந்து மில்லிமீட்டர் விட்டமுள்ள வால்வு முகத்தை 200 பார் காற்று சுமார் 40 கிலோ விசையோடு அழுத்தும். காற்று இல்லாதபோது ஸ்பிரிங் மட்டும்தான் துணை. இதற்கிடையில், காக் செய்யாத, அதாவது உள்ளே இருக்கும் சுத்தியலைப் பின்னுக்கு இழுத்து நிறுத்தாத துப்பாக்கியில், அந்தச் சுத்தியல் முன்னால் வந்து வால்வின் தண்டைத் தொட்டபடி நிற்கிறது. அதன் ஸ்பிரிங் தரும் அந்தச் சிறு உந்தலே வால்வை மயிரிழை திறந்துவைக்கப் போதும். போல்ட்டைப் பின்னுக்கு இழுத்து காக் செய்தால் சுத்தியல் விலகும், வால்வு மூடும், முள் ஏறத் தொடங்கும். குண்டு போடாமல், குழலைப் பாதுகாப்பான திசையில் வைத்துக்கொண்டு, டிரிக்கரில் விரல் படாமல் இதைச் செய்ய வேண்டும். அப்படியும் மூடாவிட்டால், காற்று நிரப்ப வைத்திருக்கும் பெரிய சிலிண்டரிலிருந்து முதல் காற்றைக் கொஞ்சம் தாராளமாகவே விட்டுப் பார்க்கலாம். மெல்ல மெல்ல வரும் காற்று திறந்த வால்வு வழியே அப்படியே நழுவிவிடும். ஒரேயடியாக வரும் காற்று வால்வை அறைந்து மூடும். அதன்பின் மீதியை நிதானமாக நிரப்பலாம்.

நிரப்பி முடித்த பிறகு வரும் கசிவும் இதே கதைதான். சிலிண்டரின் வாயில் ஒருவழி வால்வு உண்டு. காற்று உள்ளே போகலாம், திரும்பக்கூடாது. ஹோஸில் சிக்கிய காற்றை வெளியேற்ற ப்ளீட் திருகைத் திறக்கிறோம். ஹோஸ் பக்கம் அழுத்தம் சட்டென்று விழுந்தால்தான் உள்ளே இருக்கும் காற்று வால்வைத் தன் இருக்கையில் அடித்து உட்காரவைக்கும். திருகை மிகத் தயங்கித் தயங்கித் திறந்தால் இரண்டு பக்கமும் ஏறக்குறைய சமமாகவே இறங்கும். வால்வுக்கு எந்தப் பக்கம் போவது என்று தெரியாது. ‘ஸ்ஸ்’ நிற்காமல் நீளும், நிரப்பியதெல்லாம் திரும்பி வந்துவிடும். மறுபடி நிரப்பி, திருகை ஒரே திருப்பில் திறந்து பாருங்கள். அப்போதும் நிற்காவிட்டால், வால்வு உட்காரும் இடத்தில் தூசியோ உலோகத் துகளோ இருக்கிறது. தலைமுடி கனமுள்ள இழை ஒன்று போதும், இரவுக்குள் சிலிண்டரைக் காலியாக்க.

ஆகவே எங்கே கசிகிறது என்று தேடுவதற்கு முன், எப்போது கசிகிறது என்று பாருங்கள். ஹோஸை இணைத்துத் திறந்தவுடனேயே சத்தம் என்றால் குற்றம் இணைப்பில். ஹோஸில் அழுத்தம் இருக்கும்போது மட்டும் வந்து ஹோஸைக் கழற்றியதும் நின்றால், சிலிண்டர் நிரபராதி. ஹோஸைக் கழற்றிய பிறகும் தொடர்ந்தால் ஒருவழி வால்வு. குழல் வழியே வந்தால் சுடும் வால்வு. முழு அழுத்தத்தில் அமைதியாக இருந்து, இறங்கிய பிறகு கசியத் தொடங்கினால், வளையத்தின் நசுக்கல் போய்விட்டது. ரப்பர் வயதாகித் தட்டையாகிவிட்டது. அதற்கு மாற்றுவதைத் தவிர வேறு வைத்தியம் இல்லை.

இணைப்புகளில் ஒன்றைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். துப்பாக்கிகளை நிரப்பவும் பயன்படும் ஆழ்கடல் நீச்சல்காரர்களின் சிலிண்டர்களில் திருகி மாட்டும் டிஐஎன் வால்வு இரண்டு அளவில் வருகிறது: 232 பார், 300 பார். மரை ஒன்றேதான், ஆழம்தான் வேறு. 232 பாருக்கான குட்டை இணைப்பானை 300 பார் வால்வில் திருகினால் அது நன்றாக உள்ளே போகும். ஆனால் அதன் முனையில் உள்ள ஓ-ரிங் அடிவரை எட்டாது. திறந்தால் காற்று பீய்ச்சும். இது பழுது இல்லை. குறைந்த அழுத்தத்துக்கான கருவியை அதிக அழுத்தத்தோடு இணைத்துவிடாதபடி வேண்டுமென்றே வைத்த கசிவு. பல துப்பாக்கி சிலிண்டர்களின் மரைப்பகுதியிலும் இப்படி ஒரு சிறு துளை இருக்கும். காற்று இருக்கும்போது யாராவது கழற்றத் தொடங்கினால், மரை முழுவதும் விடுபடும் முன்பே அந்தத் துளை சீறி எச்சரிக்கும். யாரோ ஒரு பொறியாளர் நம் உயிரைக் கருதிப் போட்ட துளை அது. அதை அடைக்க முயல்வது பெரிய தவறு.

டெஃப்லான் டேப் சுற்றும் பழக்கமும் நம் ஊரில் வேரூன்றியது. தண்ணீர்க் குழாயில் அது உதவும், ஏனென்றால் அங்கே பெரும்பாலும் மரையே அடைக்க வேண்டியிருக்கிறது. காற்று நிரப்பும் கருவிகளில் பல இணைப்புகள் நேர்மரை. அங்கே அடைப்பது அடியில் உள்ள வாஷரோ ஓ-ரிங்கோ. மரைக்குப் பிடித்துக்கொள்ளும் வேலை மட்டும். டேப் சுற்றினால் கசிவு நிற்காது. கிழிந்த துணுக்குகள் காற்றோடு உள்ளே போய் வால்வில் உட்கார்ந்து, இல்லாத கசிவை உண்டாக்கும். ப்ளீட் திருகை இடுக்கியால் முடுக்குவதும் அப்படித்தான். அதன் முனை ஒரு நுண்ணிய இருக்கையில் பொருந்துவது. விரல் பலமே போதும். அதிகம் முடுக்கினால் இருக்கையில் தடம் விழும். அடுத்த முறை இன்னும் பலமாக முடுக்க வேண்டிவரும், தடம் இன்னும் ஆழமாகும்.

சில கசிவுகள் கசிவே அல்ல. காற்றை அமுக்கினால் சூடாகும். வேகமாக நிரப்பிய சிலிண்டரைத் தொட்டுப் பார்த்தாலே தெரியும். உள்ளே காற்று 50 டிகிரி செல்சியசில் இருக்கும்போது 200 பார் காட்டியது என்று வைப்போம். அறை வெப்பமான 30 டிகிரிக்கு ஆறியதும் என்ன காட்டும்? அழுத்தம் தனிவெப்பநிலையைப் பின்பற்றும். 323 கெல்வின் 303 ஆகிறது. 200 பார் சுமார் 188 ஆகிறது. ஒரு குமிழி காற்றுகூட வெளியே போகாமல் 12 பார் மறைந்துவிட்டது. ஆறட்டும் என்று விட்டுவிட்டு, அரைமணி கழித்துப் பார்க்கும் எண்ணையே கணக்கில் கொள்ளுங்கள்; சூட்டில் பார்த்த எண் செல்லாது.

உண்மையான சிறு கசிவைக் கண்டறிவதில் கேஜைவிட சோப்பு நீர் பல மடங்கு கூர்மையானது. 0.2 லிட்டர் சிலிண்டர் ஒன்று நாளொன்றுக்கு 1 பார் இழக்கிறது என்றால், வெளியே வருவது 200 மில்லிலிட்டர் காற்று. மூன்று மில்லிமீட்டர் குமிழிகளாக எண்ணினால் ஏறத்தாழ ஆறு வினாடிக்கு ஒரு குமிழி. சிறிய கேஜில் ஒரு பார் வித்தியாசத்தைக் கண்ணால் படிப்பதே அரிது. அந்தக் குமிழியோ ஒரு நிமிடத்துக்குள் பத்து முறை கண்ணில் படும். இணைப்புகளில் நுரையைத் தடவி, பொறுமையாகக் காத்திருந்து பார்க்க வேண்டும். விரலை வைத்துத் தேடவே கூடாது. இந்த அழுத்தத்தில் மெல்லிய தாரையாக வரும் காற்று தோலைத் துளைத்து உள்ளே போய்விடும்.

வளையங்களையும் வால்வுகளையும் கெடுக்கும் எதிரிகளில் நமக்கு மிக நெருக்கமானது ஈரம். கடலோர ஊர்களில் ஒரு கனமீட்டர் காற்றில் 20 கிராமுக்கு மேல் நீராவி இருப்பது சாதாரணம். 0.2 லிட்டர் சிலிண்டரை 200 பாருக்கு நிரப்ப வெளிக்காற்று 40 லிட்டர் வேண்டும். அதில் சுமார் 0.8 கிராம் நீர். இருநூறில் ஒரு பங்காகச் சுருங்கிய இடத்தில் அந்த நீராவியால் ஆவியாகவே இருக்க முடியாது. அநேகமாக எல்லாம் நீராகிவிடும். வடிகட்டி இல்லாமல் நிரப்பினால் அது உள்ளே போய் எஃகைத் துருப்பிடிக்க வைக்கும், அலுமினியத்தை அரிக்கும். அந்தத் துகள்கள்தான் பின்னால் வால்வில் வந்து உட்காருகின்றன. பம்புக்கும் ஹோஸுக்கும் நடுவே ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் வடிகட்டி வைப்பது, பிறகு வால்வு மாற்றுவதைவிட எவ்வளவோ மலிவு.

எண்ணெய் இன்னும் மோசம். காய்ந்த வளையத்துக்கு ஒரு சொட்டு மெஷின் ஆயில் விட்டால் என்ன என்று தோன்றும். ஒரு பாரிலிருந்து 200 பாருக்குக் காற்று நொடியில் அமுங்கி, வெப்பம் எங்கும் போகாமல் இருந்தால், கணக்குப்படி அதன் சூடு ஆயிரம் டிகிரி செல்சியசைத் தாண்டும். நடைமுறையில் உலோகம் பெரும்பகுதியை உறிஞ்சிக்கொள்ளும் என்றாலும், டீசல் என்ஜின் பொறியே இல்லாமல் எரிவதும் இதே விதியால்தான். எண்ணெய்ப் படலமும் அடர்ந்த காற்றும் திடீர்ச் சூடும் சேர்ந்தால் உள்ளே தீப்பிடிக்கலாம். வளையத்துக்கு சிலிக்கோன் கிரீஸ் மட்டும், அதுவும் பளபளப்புத் தெரியும் அளவுக்கு. ஆக்சிஜன் சிலிண்டரிலிருந்து நிரப்புவதை நினைத்தும் பார்க்கக்கூடாது. அங்கே எரியாததும் எரியும்.

வளையம் மாற்றும்போது அளவு ஒன்றாக இருந்தால் போதும் என்று எந்த ரப்பரையும் போட்டுவிடுகிறார்கள். கடினத்தன்மையும் பொருந்த வேண்டும். ஷோர் அளவில் 70 உள்ள மென்மையான வளையம் கரடுமுரடோடு நன்றாக ஒத்துப்போகும்; குறைந்த அழுத்தத்திலும் அடைக்கும். ஆனால் உயர் அழுத்தம் அதை இடுக்கு வழியே பிதுக்கி, விளிம்பைக் கடித்தெடுக்கும். 90 உள்ளது பிதுங்காது, தொடக்கத்தில் அடைக்கச் சிணுங்கும். எந்த இடத்துக்கு எது என்பதைத் தயாரிப்பாளர் சொல்லியிருப்பார், அதைக் கேளுங்கள்.

சிலிண்டரின் உடலிலேயே நுரை கிளம்பினால் தேடல் அங்கே முடிந்தது. ஒட்டவோ பற்றவைக்கவோ கூடாது. அது இனி சிலிண்டர் அல்ல. போட்டித் துப்பாக்கி சிலிண்டர்களில் காலக்கெடு பொறிக்கப்பட்டிருக்கும். அது தாண்டாமல் பார்த்துக்கொள்ளும் பொறுப்பை சர்வதேசத் துப்பாக்கிச் சுடுதல் கூட்டமைப்பு வீரர் தலையிலேயே வைக்கிறது. பெரிய சிலிண்டர்களுக்கு நீரழுத்தச் சோதனை தவணை உண்டு. நம் நாட்டில் அழுத்த வாயு சிலிண்டர்களைக் கண்காணிப்பது நாக்பூரைத் தலைமையிடமாகக் கொண்ட பெசோ என்னும் அரசு அமைப்பு. தவணை தவறிய சிலிண்டரை நிரப்பித் தரும்படி யாரிடமும் கேட்காதீர்கள். நிரப்பித் தருகிறேன் என்பவரிடம் கொடுக்கவும் வேண்டாம்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். கசிவு எங்கே என்று தெரிந்துவிட்டதும் கை பரபரக்கும். கேஜ் முள் பூஜ்யத்தில் நிற்கிறதா என்று முதலில் பாருங்கள். கேஜும் பொய் சொல்லும் என்பதால், ஹோஸில் ப்ளீட் திருகையும் சிலிண்டரில் காற்றை வெளியேற்றும் வழியையும் திறந்து காற்று வரவில்லை என்று காதாலும் உறுதிசெய்யுங்கள். உள்ளே காற்று இருக்கும்வரை எந்த மரையிலும் ஸ்பேனரை வைக்காதீர்கள், முடுக்கவும் வேண்டாம், தளர்த்தவும் வேண்டாம்.